மூடியும் தூங்காத லேப்டாப்: லினக்ஸ் கெர்னலில் மின் மேலாண்மை

லேப்டாப்பை மூடினால் அது தூங்க வேண்டும், திறந்தால் விழிக்க வேண்டும். பயன்படுத்துகிறவர் எதிர்பார்ப்பது அவ்வளவுதான். ஆனால் மூடிப் பைக்குள் வைத்ததை இரண்டு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்கிறது, பேட்டரி பாதி காலி, விசிறி கத்திக்கொண்டிருக்கிறது. லினக்ஸ் போட்ட லேப்டாப்போடு ஊர் சுற்றும் பலருக்கும் இது ஒருமுறையாவது நடந்திருக்கும். எனக்கு நடந்தது ஒரு ரயில் பயணத்தில், அதுவும் நானே கம்பைல் செய்து வைத்திருந்த கெர்னலில் (வன்பொருளை ஆளும் லினக்ஸின் மையப் பகுதி). சஸ்பெண்ட் சம்பந்தப்பட்ட எல்லா ஆப்ஷனுக்கும் ஒய் (கெர்னலுக்குள்ளேயே சேர்) போட்டிருந்தேன், மூடியதும் திரை அணைந்தது, பவர் விளக்கு மெதுவாகக் கண் சிமிட்டியது, பார்க்கிறவர்களுக்கு அது தூங்குகிற இயந்திரம்தான். உள்ளே அது தூங்கவே இல்லை.

கெர்னலின் ஆப்ஷன்களைத் தேர்ந்தெடுக்க மேக் மெனுகான்ஃபிக் என்ற கட்டளையைக் கொடுத்து உள்ளே போனால் 'பவர் மேனேஜ்மென்ட் அண்ட் ஏசிபிஐ ஆப்ஷன்ஸ்' என்று ஒரு மெனு வரும். சஸ்பெண்ட், ஹைபர்நேஷன், ஆட்டோஸ்லீப், வேக்லாக், ஏசிபிஐ, அதற்குள்ளே பேட்டரி, பட்டன், ஃபேன், தெர்மல், அப்புறம் சிபியு ஃப்ரீக்வென்சி, சிபியு ஐடில் என்று நீண்டுகொண்டே போகும். இதற்கு ஒய் போடு, அதற்கு எம் (தேவைப்படும்போது ஏற்றும் தனி மாட்யூலாகச் சேர்) போடு என்று சொல்லும் வழிகாட்டிகள் நிறையக் கிடைக்கின்றன, ஏன் என்று சொல்பவை குறைவு. நான் புரிந்துகொண்ட வரையில் இந்த மெனு முழுவதற்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: மின்சாரத்தைக் குறைக்கும் முடிவு யார் கையில்? போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரிடமா, கெர்னலிடமா, சிப்பிடமா? கடந்த முப்பது வருடங்களில் அந்தப் பொறுப்பு பலமுறை கைமாறியிருக்கிறது, ஒவ்வொரு கைமாறலும் அந்த மெனுவில் சில வரிகளை விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

முதலில் எல்லாம் பயாஸ் என்ற ஃபர்ம்வேரின் கையில்தான் இருந்தது. 1992இல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து ஏபிஎம் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். அதில் இயங்குதளத்துக்குப் பெரிய வேலை கிடையாது, எனக்கு இப்போது வேலை இல்லை என்று பயாஸிடம் சொல்லலாம், தூங்கலாமா என்று கேட்கலாம், மற்றபடி டிஸ்கை எப்போது நிறுத்துவது, திரையை எப்போது அணைப்பது என்பதெல்லாம் பயாஸ் தனக்குள் நேரம் எண்ணி முடிவு செய்வதுதான். நீங்கள் ஒரு பெரிய கட்டுரையை அசையாமல் படித்துக்கொண்டிருக்கிறீர்களா, எழுந்து காபி குடிக்கப் போய்விட்டீர்களா என்பது பயாஸுக்குத் தெரியாது. அப்புறமாகச் செருகிய கார்டு என்ன, யுஎஸ்பியில் என்ன தொங்குகிறது என்பதும் தெரியாது. லினக்ஸில் ஏபிஎம் ஆப்ஷன் இன்றும் 32 பிட் எக்ஸ்86 கெர்னலில் மட்டும் தட்டுப்படும். பழைய இயந்திரத்தை உயிரோடு வைத்திருப்பவர்களைத் தவிர வேறு யாருக்கும் அது தேவையில்லை.

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூவரும் ஏசிபிஐ விவரக்குறிப்பை வெளியிட்டார்கள். 2013 முதல் அது ஃபர்ம்வேர் தரங்களை வகுக்கும் யுஇஎஃப்ஐ மன்றத்தின் பொறுப்பில் இருக்கிறது. அதன் அடிப்படை எண்ணம், முடிவெடுப்பது இயங்குதளம், தன்னிடம் என்ன இருக்கிறது என்று விவரித்துச் சொல்வது ஃபர்ம்வேர். அதற்காக ஃபர்ம்வேர் சில அட்டவணைகளை மெமரியில் வைக்கும். எஃப்ஏடிடி என்ற அட்டவணையில் பொதுவான கொடிகள் இருக்கும், டிஎஸ்டிடி என்ற அட்டவணையில் சாதனங்களின் பட்டியலும், ஒவ்வொன்றையும் எப்படி அணைப்பது, எப்படி எழுப்புவது என்பதற்கான செய்முறைகளும் இருக்கும். இந்தச் செய்முறைகள் வெறும் விவரங்கள் கிடையாது, ஏஎம்எல் என்ற பைட்கோடில் எழுதப்பட்ட நிரல்கள். அவற்றைப் படித்து இயக்க கெர்னலுக்குள்ளேயே ஒரு இன்டர்பிரிட்டர் தேவை. லினக்ஸில் இருப்பது இன்டெல் எழுதிய ஏசிபிஐசிஏ, ஃப்ரீபிஎஸ்டியும் இதையேதான் பயன்படுத்துகிறது. இதை ஒரு நிமிடம் நின்று யோசித்துப் பாருங்கள். லேப்டாப் செய்த நிறுவனத்தில் யாரோ எழுதிய நிரல், நீங்கள் பார்க்காத நிரல், உங்கள் கெர்னலுக்குள் கெர்னலின் அதிகாரத்தோடு ஓடுகிறது. கெர்னல் முடிவெடுத்தாலும் கை கால் ஃபர்ம்வேருடையது.

அந்த நிரல் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம், அது கெர்னலைப் பார்த்துக் கேட்கும் கேள்வி. நீ எந்த இயங்குதளம், விண்டோஸின் இன்ன பதிப்பா என்று ஃபர்ம்வேர் கேட்கும், பதிலுக்கு ஏற்பக் கிளை பிரிந்து வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும். லினக்ஸ் இதற்கு ஆமாம் என்றுதான் பதில் சொல்கிறது. நீ லினக்ஸா என்று கேட்டால் இயல்பு நிலையில் இல்லை என்கிறது. ஏமாற்றுவது மாதிரி தோன்றும், ஆனால் காரணம் நியாயமானது: லேப்டாப் கடைக்கு வருவதற்கு முன் நிறுவனம் சோதித்துப் பார்த்தது விண்டோஸுக்கான கிளையை மட்டும்தான், மற்ற கிளைகளில் யாருமே நடந்து பார்த்திருக்க மாட்டார்கள். நடந்து தேய்ந்த பாதையில் போவதுதான் கெர்னலுக்குப் பாதுகாப்பு.

ஆக ஏசிபிஐ ஆப்ஷனை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று சோதிக்க நினைக்காதீர்கள். இன்றைய பிசியில் பவர் பட்டன், பேட்டரி அளவு எல்லாம் போய்விடும், எத்தனை ப்ராசசர்கள் இருக்கின்றன, சாதனங்கள் ப்ராசசரைக் கூப்பிடும் இன்டரப்ட் எங்கே போகிறது என்பதையும் கெர்னல் அந்த அட்டவணைகளில் இருந்துதான் தெரிந்துகொள்கிறது. அதற்குள் இருக்கும் பட்டன், ஏசி அடாப்டர், பேட்டரி, ஃபேன், தெர்மல், ப்ராசசர் ஆகியவற்றை லேப்டாப்பில் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். இவற்றை எடுத்துவிட்டுக் கெர்னலில் சில கிலோபைட் மிச்சப்படுத்துவதில் ஒரு பயனும் இல்லை.

இப்போது தூக்கத்துக்கு வருவோம். லினக்ஸில் தூக்கம் ஒன்றல்ல. கெர்னல் தன் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில், பவர் என்ற அடைவில் மெம் ஸ்லீப் என்று ஒரு கோப்பு இருக்கிறது, அதைத் திறந்தால் எஸ்2ஐடில், டீப் என்ற இரண்டு சொற்களோ அவற்றில் ஒன்றோ தெரியும், தேர்வாகியிருப்பது சதுர அடைப்புக்குள் இருக்கும். டீப் என்பது ஏசிபிஐ சொல்லும் எஸ்3. அதில் மெமரிக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும், தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு தரவைக் காப்பாற்றும் அளவுக்கு. ப்ராசசர் உட்பட மற்ற ஏறக்குறைய எல்லாவற்றையும் ஃபர்ம்வேர் அணைத்துவிடும். விழிக்கும்போது முதலில் ஓடுவது ஃபர்ம்வேர், அதுதான் கெர்னல் ஏற்கெனவே சொல்லிவைத்த முகவரிக்குத் தாவி விட்ட இடத்தில் இருந்து தொடரச் செய்யும்.

எஸ்2ஐடில் வேறு ஜாதி. 2013இல் வெளியான கெர்னல் 3.9இல் சேர்ந்தது. இதில் ஃபர்ம்வேரிடம் ஒப்படைப்பது என்பதே இல்லை. கெர்னல் எல்லா நிரல்களையும் உறைய வைக்கிறது, ஒவ்வொரு சாதனத்தையும் அதன் டிரைவர் மூலம் தூங்கச் சொல்கிறது, பிறகு ப்ராசசர்களை இருப்பதிலேயே ஆழமான சும்மா நிலைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறது. போன் மாதிரி நொடியில் விழிக்கலாம் என்பது இதன் கவர்ச்சி. விண்டோஸ் 8 காலத்தில், 2012இல், மைக்ரோசாஃப்ட் கனெக்டட் ஸ்டாண்ட்பை என்று தொடங்கி, விண்டோஸ் 10இல் மாடர்ன் ஸ்டாண்ட்பை என்று விரிவாக்கியது இந்தப் பாதைதான். சந்தை அந்தப் பக்கம் போனதும் லேப்டாப் நிறுவனங்கள் எஸ்3ஐச் சோதிப்பதை விட்டன, பிறகு ஃபர்ம்வேரில் இருந்தே எடுத்துவிட்டன. அதனால் 2020க்குப் பிறகு வந்த பல லேப்டாப்களில் அந்தக் கோப்பில் டீப் என்ற சொல்லே இருக்காது. பூட் கட்டளையில் மெம் ஸ்லீப் டீஃபால்ட் என்பதற்கு டீப் என்று கொடுங்கள் என்று பழைய குறிப்புகள் சொல்வது அந்த இயந்திரங்களில் பலிக்காது. இல்லாத கதவை எப்படித் திறப்பது?

இங்கேதான் பொறுப்பு முழுதாகக் கைமாறுகிறது, ரயிலில் எனக்கு நடந்ததன் வேரும் இங்கேதான். எஸ்3இல் ஒரு டிரைவர் தன் வேலையைச் சரியாகச் செய்யாவிட்டாலும் கடைசியில் ஃபர்ம்வேர் மின்சாரத்தை வெட்டிவிடும். எஸ்2ஐடிலில் வெட்ட ஆள் கிடையாது. ப்ராசசர் சிப்பின் தொகுப்பு முழுவதும் ஆழமான நிலைக்குப் போக வேண்டுமானால், இன்டெலில் அதைப் பிசி10 என்பார்கள், அதோடு ஒட்டிய பாகங்கள் எல்லாம் எனக்கு இப்போது ஒன்றும் தேவையில்லை என்று சொல்லியாக வேண்டும். டிஸ்க் சரி, வைஃபை சரி, கிராஃபிக்ஸ் சரி, யாரோ ஒருவர் மட்டும் நான் இன்னும் விழித்திருக்கிறேன் என்றால் மொத்தக் குடும்பமும் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருக்கும். கெர்னல் பதிவேட்டில் சஸ்பெண்ட் ஆனது, விழித்தது என்று சுத்தமாகவே எழுதியிருக்கும், பிழை என்று ஒரு வரி இருக்காது.

எனவே எஸ்2ஐடில் லேப்டாப்புக்கு கெர்னல் அமைக்கும்போது மறக்கக் கூடாத ஒன்று, சிப்பின் மின் மேலாண்மைப் பகுதியோடு பேசும் டிரைவர். இன்டெல் என்றால் இன்டெல் பிஎம்சி கோர், ஏஎம்டி என்றால் ஏஎம்டி பிஎம்சி. இவை பவர் மேனேஜ்மென்ட் மெனுவில் இருக்காது, எக்ஸ்86 பிளாட்ஃபார்ம் டிரைவர்கள் என்ற வேறு மூலையில் கிடக்கும், அதனாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். ஏஎம்டியில் அந்த டிரைவர் இல்லாமல் ஆழ்ந்த தூக்கமே வராது. இன்டெலில் அது தரும் பெரிய உதவி கணக்கு: பிழை தேடுவதற்கான கெர்னல் கோப்புகள் இருக்கும் டீபக்எஃப்எஸ்ஸில் பிஎம்சி கோர் அடைவுக்குள் எஸ்எல்பி எஸ்0 ரெசிடென்சி என்று ஒரு எண் இருக்கும், இயந்திரம் உண்மையிலேயே ஆழமாகத் தூங்கிய நேரம் மைக்ரோ நொடியில். மூடுவதற்கு முன் ஒருமுறை பாருங்கள், திறந்த பிறகு ஒருமுறை பாருங்கள். எண் நகரவில்லை என்றால் அது கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தது, தூங்கவில்லை. திரை அணைந்ததை வைத்தோ, விளக்கு சிமிட்டியதை வைத்தோ எதையும் முடிவு செய்யாதீர்கள், இந்த எண்ணை வைத்து முடிவு செய்யுங்கள்.

ஹைபர்நேஷன் பற்றிச் சுருக்கமாக. மெமரியின் படத்தை டிஸ்கில் மெமரிக்குத் துணையாக ஒதுக்கிய ஸ்வாப்பில் எழுதிவிட்டு மின்சாரத்தை முழுதாக நிறுத்துவது, அதனால் பேட்டரி செலவு கிட்டத்தட்ட இல்லை. கெர்னலுக்கு ரெஸ்யூம் என்ற அளவுருவில் ஸ்வாப் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும், அந்த டிஸ்குக்கான டிரைவர் கெர்னலுக்குள்ளோ, பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸிலோ இருந்தே தீர வேண்டும், இல்லையென்றால் படம் பத்திரமாக டிஸ்கில் இருக்க, கெர்னல் புதிதாக பூட் ஆகிவிடும். இன்னொரு விஷயம் பலரைக் குழப்புகிறது: கையொப்பமுள்ள நிரல்களை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட் போட்ட இயந்திரத்தில் ஆப்ஷன் எல்லாம் சரியாக இருந்தும் ஹைபர்நேட் வேலை செய்யாது. 2019இல் கெர்னல் 5.4இல் வந்த லாக்டவுன் வசதிதான் காரணம். டிஸ்கில் கிடக்கும் மெமரிப் படத்தை யாராவது மாற்றி எழுதினால் கையொப்பமில்லாத நிரல் கெர்னலுக்குள் நுழைந்துவிடும் என்பதால், பல டிஸ்ட்ரோக்களின் (தயார்நிலையில் கிடைக்கும் லினக்ஸ் தொகுப்புகள்) கெர்னல் செக்யூர் பூட்டைக் கண்டதும் லாக்டவுனுக்குப் போய் ஹைபர்நேஷனை மூடிவிடுகிறது. இது பிழையல்ல, தெரிந்தே எடுத்த முடிவு.

தூங்கப் போன இயந்திரம் திரும்பி வரவே இல்லை என்றால்? இதற்குக் கெர்னலில் இருக்கும் கருவிகள் எனக்கு மிகவும் பிடித்தவை. பிஎம் டீபக் ஆப்ஷனைச் சேர்த்தால் பவர் அடைவில் பிஎம் டெஸ்ட் என்று ஒரு கோப்பு வரும். அதில் ஃப்ரீசர், டிவைசஸ், பிளாட்ஃபார்ம், ப்ராசசர்ஸ், கோர் என்று ஐந்து படிகள். ஃப்ரீசர் என்று எழுதிவிட்டு சஸ்பெண்ட் கொடுத்தால் நிரல்களை உறைய வைப்பதோடு நின்று, 5 விநாடி காத்திருந்து, திரும்பி வரும். அது சரியாக வந்தால் அடுத்த படி. இப்படி ஒவ்வொரு படியாக இறங்கினால் எந்தப் படியில் கால் வழுக்குகிறது என்று தெரிந்துவிடும். இயந்திரம் முழுதாக உறைந்து பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் அணைக்க முடிகிறது என்றால் பிஎம் டிரேஸ் இருக்கிறது. அணைத்த பிறகும் தகவல் தங்கும் இடம் ஒரு பிசியில் எது? மெமரி போய்விடும், டிஸ்க் அந்த நேரத்தில் விழித்திருக்காது. மிஞ்சுவது பேட்டரியில் ஓடும் கடிகாரம் ஒன்றுதான். கெர்னல் கடைசியாக எந்தச் சாதனத்தைத் தொட்டது என்பதைச் சுருக்கி ஒரு எண்ணாக்கி, கடிகாரத்தின் தேதி நேரத்துக்குப் பதிலாக எழுதிவிடும். அடுத்த பூட்டில் அதைப் படித்து இன்ன டிரைவரோடு பொருந்துகிறது என்று சொல்லும். உங்கள் கடிகாரம் ஏதோ ஒரு வருடத்தைக் காட்டும், அதைச் சரிசெய்துகொள்ளுங்கள், கண்டுபிடிக்க வேண்டியதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

தூக்கத்தை விட்டுவிட்டு இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தைப் பார்த்தால், பெரும்பாலும் அது சும்மாதான் இருக்கிறது. நீங்கள் தட்டச்சு செய்யும் இரண்டு எழுத்துகளுக்கு இடையில் ப்ராசசருக்கு அது பெரிய ஓய்வு. ஆனால் 2.6 வரிசையின் தொடக்கத்தில் எக்ஸ்86 கெர்னல் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் விநாடிக்கு 1000 முறை ப்ராசசரைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தது. குழந்தை தூங்கிவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை உலுக்கிப் பார்ப்பது மாதிரி. 2005இல் 2.6.13இல் 100, 250, 1000 என்று தேர்வு செய்யும் வசதி வந்தது, 2007இல் 2.6.21இல்தான் சும்மா இருக்கும்போது இந்தத் தட்டலை, அதாவது டிக்கை, நிறுத்தும் டிக்லெஸ் முறை வந்தது. அதே வருடம் இன்டெலில் இருந்து பவர்டாப் கருவியும் வந்தது. எந்த நிரல் விநாடிக்கு எத்தனை முறை ப்ராசசரை எழுப்புகிறது என்று பெயரோடு காட்டியதும், கடிகாரம் காட்டும் சின்ன ஆப்லெட்டில் இருந்து பெரிய நிரல்கள் வரை திருத்தப்பட்டன. மெனுகான்ஃபிக்கில் ஐடில் டைன்டிக்ஸ் என்று இருக்கும் வரி அதுதான், அதை எடுக்க லேப்டாப்பில் காரணமே இல்லை.

சிபியு ஐடில் பகுதியிலும் அதே யாரை நம்புவது கேள்விதான். ப்ராசசரின் சி1, சி6 போன்ற சும்மா நிலைகளைப் பற்றி ஏசிபிஐ அட்டவணையும் சொல்லும். ஆனால் ஃபர்ம்வேர் சொல்வது அரைகுறையாக இருக்கலாம் என்பதால் 2010இல் கெர்னல் 2.6.35இல் இன்டெல் ஐடில் டிரைவர் வந்தது. எந்த ப்ராசசரில் எந்த நிலை இருக்கிறது, அதில் இருந்து விழிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்ற பட்டியலை அது தன்னோடு வைத்திருக்கும். ஆழமான நிலையில் மின்சாரம் குறைவு, ஆனால் விழிக்க நேரம் அதிகம். அடுத்த வேலை எவ்வளவு நேரத்தில் வரும் என்று ஊகித்து நிலையைத் தேர்ந்தெடுப்பது கவர்னரின் வேலை. டிக்லெஸ் கெர்னலில் மெனு, டியோ என்று இரண்டு கவர்னர்கள், இரண்டில் எது இருந்தாலும் சரி.

வேகத்தைக் குறைப்பதில் ஒரு குழப்பத்தை மட்டும் தீர்த்துவிடுகிறேன். பவர்சேவ் என்ற கவர்னரைப் பார்த்ததும் அதுதான் சிக்கனம் என்று பலர் போடுகிறார்கள், சிலர் இயந்திரம் மந்தமாகிவிடும் என்று பயந்து ஒதுக்குகிறார்கள். பொதுவான சிபியு ஃப்ரீக்வென்சி டிரைவர்களில் பவர்சேவ் என்றால் குறைந்தபட்ச வேகத்திலேயே கட்டிப்போடுவது. இன்டெல் பிஸ்டேட் டிரைவரில் அதே பெயர், பொருள் வேறு: தேவைக்கேற்ப ஏற்றி இறக்குவது. 2015இல் வந்த ஸ்கைலேக் முதல் அந்த ஏற்ற இறக்கத்தைச் சிப்பே செய்துகொள்ளவும் முடியும், கெர்னல் ஒரு குறிப்பு மட்டும் கொடுக்கும். இங்கே பொறுப்பு கெர்னலிடம் இருந்து சிப்புக்குப் போயிருக்கிறது. வேகத்தை எப்போதும் அடிமட்டத்தில் வைப்பது சிக்கனமும் கிடையாது. வேலையைச் சட்டென்று முடித்துவிட்டு ஆழமாகச் சும்மா இருப்பது பல நேரங்களில் அதைவிட மிச்சம்.

சாதனங்களை இணைக்கும் கம்பிகளும் மின்சாரம் தின்னும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் தரவு போகாத நேரத்தில் அந்த இணைப்பையே தூங்க வைப்பதற்கு ஏஎஸ்பிஎம் என்று பெயர். 2011 மார்ச்சில் வெளியான 2.6.38 கெர்னலுக்கு மாறியதும் சில லேப்டாப்களில் பேட்டரி வேகமாகத் தீர ஆரம்பித்தது. தேடிப் பார்த்தால், இந்த இயந்திரம் ஏஎஸ்பிஎம்மை ஆதரிக்கவில்லை என்று எஃப்ஏடிடி அட்டவணையில் ஒரு கொடி இருந்தால் அதைக் கெர்னல் நம்பி, ஏஎஸ்பிஎம்மை முழுதாக அணைத்திருக்கிறது. விவரக்குறிப்பின்படி பார்த்தால் நியாயமாகத் தோன்றும் நடத்தைதான். ஆனால் அதே இயந்திரங்களில் பயாஸே பல சாதனங்களுக்கு ஏஎஸ்பிஎம்மை ஏற்கெனவே போட்டுவைத்திருந்தது. கெர்னல் நிரலாளர் மேத்யூ காரெட், விண்டோஸ் இதை எப்படிக் கையாள்கிறது என்று ஆராய்ந்து ஒரு திருத்தம் எழுதினார்: அந்தக் கொடியைக் கண்டால் எதையும் தொடாதே, பயாஸ் வைத்தபடியே விடு. 2012இல் 3.3 கெர்னலில் அது சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் பூட் கட்டளையில் ஏஎஸ்பிஎம்மை வலுக்கட்டாயமாகப் போடுபவர்கள் போட்டார்கள், சில இயந்திரங்கள் அதில் உறைந்தும் போயின. கொடியின் பொருள் விவரக்குறிப்பில் எழுதியிருப்பதா, விண்டோஸ் நடந்துகொள்ளும் விதமா என்று கேட்டால் நடைமுறையில் இரண்டாவதுதான், இதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும்.

சாட்டா டிஸ்கிலும் இதே மாதிரி ஒரு ஆப்ஷன் உண்டு, சும்மா இருக்கும் இணைப்பைத் தூங்க வைக்கும் எல்பிஎம் கொள்கை என்று, 0 முதல் எண் கொடுக்க வேண்டும். 2018 ஜனவரியில் வந்த 4.15இல் மீடியம் பவர் வித் டிஐபிஎம் என்ற நடுத்தர நிலை சேர்ந்தது, அதன் எண் 3. அதற்கு மேல் இருக்கும் மினிமம் பவர் சில டிஸ்குகளில் தரவைக் கெடுக்கும் என்று கெர்னலின் உதவிக் குறிப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது. தயவுசெய்து அந்த எச்சரிக்கையை நம்புங்கள். அரை வாட் மிச்சத்துக்காகக் குடும்பப் படங்களைப் பணயம் வைக்க வேண்டாம்.

கடைசியாக ரன்டைம் பிஎம். இயந்திரம் முழுவதும் விழித்திருக்கும்போதே பயன்படாத சாதனத்தை மட்டும் தனியாகத் தூங்க வைக்கும் இந்த முறையைக் கெர்னல் நிரலாளர் ரஃபேல் விசோக்கி 2009இல் 2.6.32இல் கொண்டுவந்தார். பழைய வழிகாட்டிகள் பிஎம் ரன்டைம் என்று ஒரு ஆப்ஷனைத் தேடச் சொல்லும், தேடாதீர்கள், 2015இல் 3.19இல் அது பொதுவான பிஎம் ஆப்ஷனோடு கரைந்துவிட்டது. ஆனால் ஆப்ஷன் இருந்தால் போதாது. ஒவ்வொரு பிசிஐ சாதனத்துக்கும் சிஸ்எஃப்எஸ்ஸில் பவர் அடைவுக்குள் கன்ட்ரோல் என்று ஒரு கோப்பு இருக்கிறது, பல சாதனங்களுக்கு அது தொடக்கத்தில் ஆன் என்றே இருக்கும், ஆட்டோ என்று மாற்றினால்தான் கெர்னல் அதைத் தூங்க விடும். பவர்டாப் கருவியின் டியூனபிள்ஸ் பக்கத்தில் பேட் என்று காட்டுவதில் பாதி இதுதான்.

இங்கேதான் என் ரயில் கதைக்கு விடை. மெதுவான கம்பைலைத் தவிர்க்க நான் மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் கொடுத்திருந்தேன். அந்த நேரத்தில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் நீக்கிவிடும் வசதி அது. அப்புறம் கையோடு, பயன்படுத்துவதே இல்லை என்று தோன்றிய சிலவற்றையும் எடுத்துவிட்டேன், எஸ்டி கார்டு ரீடர் உட்பட. டிரைவர் இல்லாவிட்டால் அந்தச் சாதனம் சும்மா கிடக்கும், மின்சாரம் மிச்சம் என்று நினைத்தேன். நடப்பது நேர் எதிர். டிரைவர் பிடிக்காத பிசிஐ சாதனத்தை லினக்ஸ் பொதுவாக டி0 என்ற முழு விழிப்பு நிலையிலேயே விட்டுவிடும், அதை எப்படிப் பாதுகாப்பாகத் தூங்க வைப்பது என்று சொல்ல ஆள் இல்லையே. சாதனம் விழித்திருந்தால் அதன் பிசிஐ எக்ஸ்பிரஸ் போர்ட் விழித்திருக்கும், போர்ட் விழித்திருந்தால் சிப் தொகுப்பு பிசி10க்குப் போகாது. ஒரு தடவைகூட கார்டு செருகாத ரீடர், பைக்குள் மொத்த லேப்டாப்பையும் விழிக்க வைத்திருந்தது.

வீட்டுக்கு வந்து எஸ்எல்பி எஸ்0 எண்ணைப் பார்த்தேன், சுழியம். லேப்டாப் வாங்கியபோது வந்த டிஸ்ட்ரோவின் கெர்னலில் பூட் செய்து அதே சோதனை, எண் ஓடியது. இரண்டு கான்ஃபிக் கோப்புகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, பிசிஐ சாதனங்களைக் காட்டும் எல்எஸ்பிசிஐ கட்டளையின் பட்டியலில் டிரைவர் வரி இல்லாத சாதனங்களை மட்டும் குறித்துக்கொண்டால் மூன்றுதான் இருந்தன. ஒவ்வொன்றாகச் சேர்த்து மறுபடி கம்பைல் செய்து, மூடி, ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து பார்த்தேன். முதலாவதில் மாற்றமில்லை. இரண்டாவது கார்டு ரீடர். திறந்ததும் அந்தக் கோப்பில் சுழியம் இருந்த இடத்தில் ஒன்பது இலக்க எண் ஒன்று நின்றது.